சிமெண்ட் சூளைக்குள் போகும் கழிவு: எது கல்லாகிறது, எது திரும்பி வருகிறது

கேள்வி இதுதான்: பழைய டயர், பிளாஸ்டிக் குப்பை, அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பு ஆலைக் கசடு என்று ஊரார் கழிவையெல்லாம் சிமெண்ட் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. இது உண்மையிலேயே மறுசுழற்சியா, அல்லது குப்பையைக் கொளுத்துவதற்கு வைத்த நல்ல பெயரா? ஆலையின் சொந்தக் கழிவு என்னவாகிறது?

ஒரே சொல்லில் பதில் கேட்டால் என்னால் தர முடியாது. ஒரே ஆலையில், ஒரே நாளில் இரண்டும் நடக்கலாம். கொண்டுவரும் பொருள் எது, அதில் என்னென்ன கலந்திருக்கிறது, சூளையின் எந்த வாசலில் அதைப் போடுகிறார்கள் என்ற மூன்றையும் பொறுத்துப் பதில் மாறும். முதல் இரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர்கள் குறைவு. நடந்த பெரிய விபரீதங்களில் ஒன்று அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காததால் வந்தது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சூளை எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும், கொஞ்சம் இரும்புத் தாதும் சேர்த்து மாவாக அரைத்து, அடுக்கடுக்காகச் சைக்ளோன்கள் (வாயுவையும் மாவையும் சுழற்றிப் பிரிக்கும் கூம்பு வடிவக் கலங்கள்) அமைந்த உயரமான கோபுரத்தின் உச்சியில் கொட்டுகிறார்கள். மாவு கீழே இறங்குகிறது. அடியிலிருந்து சூடான வாயு மேலே ஏறுகிறது. உச்சியில் வாயுவின் வெப்பம் ஏறத்தாழ 300 முதல் 350 டிகிரி. அடியில் 850 டிகிரியைத் தாண்டும். அங்கே சுண்ணாம்புக்கல் தன்னிடமுள்ள கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாகிறது. பிறகு அந்த மாவு, சற்றே சாய்ந்தபடி சுழலும் நீண்ட எஃகு உருளைக்குள் நுழைந்து, 1,450 டிகிரி அளவில் பாதி உருகி, கிளிங்கர் எனப்படும் கருஞ்சாம்பல் நிற உருண்டைகளாக மறுமுனையில் விழுகிறது. அந்த முனையில் எரியும் சுடரின் வெப்பம் 2,000 டிகிரி. கிளிங்கரோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட்.

ஆக, ஒரே எந்திரத்தின் ஒரு முனையில் எதையும் தின்றுவிடும் நெருப்பு. மறுமுனையில், சமையலறை அடுப்பைவிட அதிகச் சூடில்லாத ஒரு புகைபோக்கி.

சூடான முனையில் விழும் கழிவுக்கு இந்த அமைப்பு மிக ஏற்றது. குப்பை எரிப்பு ஆலைகளிடம் ஐரோப்பிய விதி கேட்பது 850 டிகிரியில் இரண்டு நொடி. குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் கூடுதலாக உள்ள அபாயகரமான கழிவுக்கு 1,100 டிகிரி. சூளையின் முதன்மைச் சுடரில் விழுந்த பொருளின் வாயு இதைவிட அதிக வெப்பத்தில், இதைவிட நீண்ட நேரம் இருக்கிறது. போகும் வழி நெடுக அது சுண்ணாம்பு மாவோடு கலந்தே பயணம் செய்வதால் அமில வாயுக்களில் பெரும்பகுதி அங்கேயே பிடிபடுகிறது. மிஞ்சும் சாம்பல் தனியாக நிற்பதில்லை. அதிலுள்ள சிலிக்கா, அலுமினா, இரும்பு, சுண்ணாம்பு எல்லாமே கிளிங்கருக்குத் தேவையானவை. நகரக் குப்பையை எரிக்கும் ஆலையில் எடையில் கால்வாசி அளவுக்கு அடிச்சாம்பல் மிஞ்சும். அதற்கு இன்னொரு இடம் தேட வேண்டும். சூளையில் அந்தத் தேடல் இல்லை.

டயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ டயரில் ஏறத்தாழ 30 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. நல்ல நிலக்கரிக்குச் சமம், பல நிலக்கரிகளைவிட மேல். உள்ளே உள்ள எஃகுக் கம்பி, இரும்புத் தாதுக்குப் பதிலாகக் கிளிங்கரில் சேர்ந்துவிடும். கந்தகம் காரங்களோடு சேர்ந்து சல்பேட்டாக மாறிக் கிளிங்கரோடு வெளியேறும். இதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை, குறைந்தபட்சம் கம்பி அளவிலாவது. ஆனால் முழு டயரைச் சூளையின் நுழைவாயிலில், அதாவது கோபுர அடியிலிருந்து மாவு உருளைக்குள் நுழையும் இடத்தில், போடும்போது கூடவே ஒரு சங்கடம் வரும். டயர் விழுந்த சில நொடிகளில் அதன் எளிதில் ஆவியாகும் பகுதி ஒரே மூச்சில் வெளிப்பட்டு, இருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடும். கார்பன் மோனாக்சைடு திடீரென எகிறும். நிலைமின் வடிகட்டி (உயர் மின்னழுத்தத்தால் தூசியை ஈர்த்துப் பிடிக்கும் கருவி) வைத்திருக்கும் ஆலை என்றால், வெடித்துவிடக் கூடாதே என்று அந்த வடிகட்டியின் மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். அந்தச் சில நிமிடங்கள் புகைபோக்கியில் தூசி தாராளமாக வெளியேறும். அதனால்தான் டயர்களை எடை பார்த்து, சீரான இடைவெளியில், இரட்டைக் கதவு வழியாக ஒவ்வொன்றாக விடுகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர் "தினமும் புகை" என்று சொல்லும் புகார்களில் சில, இந்த இடைவெளி சரியாக அமையாததால் வருபவை.

இனி குளிர்ந்த முனை.

ஆஸ்திரியாவின் கெர்ட்ஷிட்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு பழைய இரசாயனக் கழிவுக் கிடங்கைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அங்கே குவிந்திருந்த சுண்ணாம்புச் சேற்றில் ஹெக்ஸாகுளோரோபென்சீன் என்ற நஞ்சு கலந்திருந்தது. சேறு சுண்ணாம்பாயிற்றே, சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புதானே வேண்டும், சூளையின் வெப்பம் நஞ்சை அழித்துவிடும் என்று ஏற்பாடு ஆனது. காகிதத்தில் பார்த்தால் அருமையான திட்டம். ஆனால் அந்த நஞ்சு முழுதாக அழியும் அளவுக்கு வெப்பமில்லாத இடத்தில் சேறு உள்ளே விடப்பட்டது. நஞ்சு சுடரைப் பார்க்காமலே ஆவியாகி, வாயுவோடு மேலேறிப் புகைபோக்கி வழியே வெளியேறி, மேய்ச்சல் நிலத்தில் படிந்தது. 2014இல் பாலிலும் தீவனத்திலும் அது கண்டுபிடிக்கப்பட்டபோது பள்ளத்தாக்கு முழுவதும் கலங்கிப்போயிற்று. அதே சேறு சரியான வாசலில் போயிருந்தால் கதையே வேறு.

அதற்கு முன்னால், 1979இல், ஜெர்மனியின் லெங்கெரிக் என்ற ஊரில் இன்னொன்று நடந்தது. கிளிங்கருக்குத் தேவையான இரும்புக்காக, பைரைட் தாதைச் சுட்டெடுத்த பிறகு மிஞ்சும் செந்நிறக் கசடைச் சேர்த்தார்கள். அந்தக் கசடில் தாலியம் என்ற நச்சு உலோகம் இருந்தது. தாலியம் சூளைச் சூட்டில் ஆவியாகி, குளிர்ந்த பகுதியில் தூசியின் மேல் படிந்து, தூசியோடு மறுபடி உள்ளே போய், சுற்றிச் சுற்றிச் செறிந்துகொண்டே வந்தது. கடைசியில் சுற்றுவட்டாரத் தோட்டக் காய்கறிகளில் அது சேர்ந்தது. இந்த முறை வாசலை மாற்றியும் பயனில்லை. எந்த வாசலில் போட்டாலும் தாலியம் ஆவியாகத்தான் செய்யும். அதை உள்ளே விடாமல் இருப்பது ஒன்றே வழி.

இரண்டிலும் கவனியுங்கள்: எரிபொருளாகக் கழிவைக் கொளுத்தியதால் வந்த வினை இல்லை இது. "மூலப்பொருளுக்கு மாற்று" என்ற கணக்கில், யாரும் அதிகம் சந்தேகப்படாத வரிசையில் உள்ளே வந்த பொருள்கள். போராட்டப் பதாகைகளில் எப்போதும் நெருப்பும் புகையுமே வரையப்படுகின்றன. நான் பயப்படுவது கோபுரத்தின் உச்சியில் அமைதியாகக் கொட்டப்படும் ஈரச் சேற்றுக்குத்தான். எண்ணெய்ப் பிசுக்குள்ள மண், ஆலைக் கசடு, சாக்கடைச் சேறு போன்றவற்றில் ஆவியாகும் பொருள் இருந்தால், அவை 850 டிகிரிக்கு மேல் உள்ள இடத்தில்தான் விடப்பட வேண்டும். குளோரின் உள்ள பொருள்கள் எரியும்போது உருவாகக்கூடிய கொடிய நஞ்சான டயாக்சின் விஷயமும் இதே முனையைச் சேர்ந்ததுதான். சுடரில் அது சிதைந்துவிடும். ஆனால் வாயு குளிரும் வழியில், 450 முதல் 200 டிகிரி வரையிலான இடைவெளியில், தூசியின் மேல் மறுபடி உருவாகக்கூடியது. அந்த இடைவெளியை வேகமாகக் கடக்கவைக்கும் நவீன ஆலைகளால், ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம் என்ற வரம்புக்குள் இருக்க முடிகிறது. சூடான வாயுவை நேரே நிலைமின் வடிகட்டிக்குள் விட்ட பழைய நீண்ட ஈரச் சூளைகளில் (மூலப்பொருளைத் தண்ணீரில் கரைத்த சேறாக ஊட்டும் சூளைகள்) இந்தத் தொல்லை அதிகம்.

பாதரசம் இன்னும் வழுக்கலான ஆள். அது கிளிங்கரில் தங்காது. ஆவியாகி மேலே வந்து, மூலப்பொருளை அரைக்கும் எந்திரத்துக்குள் வாயு நுழையும்போது அங்குள்ள குளிர்ந்த மாவில் ஒட்டிக்கொள்ளும். மாவு மறுபடி சூளைக்குள் போகும், பாதரசம் மறுபடி மேலே வரும். அரைவை எந்திரம் ஓடும்வரை புகைபோக்கி அளவீடு சுத்தமாகத் தெரியும். பராமரிப்புக்காக எந்திரத்தை நிறுத்தினால், சேர்ந்திருந்த பாதரசம் பிடிமானம் இல்லாமல் வெளியேறும். அளவீடு பல மடங்கு எகிறும். ஆண்டுக்குச் சில தடவை மட்டும், அதுவும் எந்திரம் ஓடும் நாளில் மாதிரி எடுக்கும் ஆலையின் பாதரச அறிக்கையை நான் நம்பமாட்டேன். செய்யக்கூடியது ஒன்று உண்டு: எந்திரம் நிற்கும் நேரத்தில் வடிகட்டியில் விழும் தூசியைச் சூளைக்குத் திருப்பாமல் பிரித்தெடுத்துவிட்டால் சுழற்சி அறுபடும். அந்தத் தூசியைச் சிறு அளவில் சிமெண்ட் அரைவையில் சேர்ப்பதும் உண்டு.

இப்போது குளோரின். கழிவு எரிபொருளை எவ்வளவு தூரம் கூட்டலாம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இதுதான். சுற்றுச்சூழல் விதிகளுக்கு முன்னாலேயே இது ஆலையைக் கட்டிப்போடும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நல்ல நிலையில் உள்ள நவீன சூளை, ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 3,300 மெகாஜூல் வெப்பம் எடுத்துக்கொள்கிறது. அதில் 30 சதவீதத்தை, பிரித்து உலர்த்திய நகரக் குப்பையிலிருந்து எடுப்பதாக வைப்போம்: 990 மெகாஜூல். அந்தக் குப்பையின் வெப்பத்திறன் கிலோவுக்கு 15 மெகாஜூல் என்றால் 66 கிலோ வேண்டும். அதில் குளோரின் 0.7 சதவீதம் இருந்தால் (பிவிசி குழாய்த் துண்டும் உப்பேறிய உணவுக் கழிவும் போதும், இந்த அளவு எளிதில் வந்துவிடும்) ஒரு டன் கிளிங்கரோடு உள்ளே போகும் குளோரின் 460 கிராம். தனி வெளியேற்றம் இல்லாத சூளை பொதுவாகத் தாங்குவது 300 கிராமை ஒட்டி. அதாவது 30 சதவீதத்திலேயே கணக்கு உதைக்கிறது.

தாங்காவிட்டால் என்ன ஆகும்? குளோரின் பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகி, சுடர் முனையில் ஆவியாகி, அதைவிடக் குளிர்ந்த கோபுர அடியில் மாவின் மேல் பசைபோலப் படியும். அது மறுபடி கீழே போய் மறுபடி ஆவியாகும். உள்ளே வருவது கொஞ்சம்தான் என்றாலும் சுழற்சியில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு. கட்டுப்பாட்டு அறையில் முதலில் தெரிவது, கடைசிச் சைக்ளோனின் அழுத்தம் மெல்ல நகர்வது. ஆய்வகத்தில் சூடான மாவின் மாதிரியை ஒவ்வொரு பணிமுறையிலும் சோதித்துக் குளோரின் அளவைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது ஒரு சதவீதத்தைத் தாண்டி ஏறினால் எல்லோர் முகமும் மாறும். சைக்ளோனின் கழுத்தில் படிவு கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டால், மேலே டன்கணக்கில் 800 டிகிரிக்கு மேற்பட்ட மாவு தேங்கி நிற்கும். அழுத்தக் காற்றைப் பாய்ச்சி அடைப்பை உடைக்கும் காற்றுப் பீரங்கி வேலை செய்யாவிட்டால், வெப்பக் கவச உடை போட்ட தொழிலாளி சின்னக் கதவைத் திறந்து நீண்ட குழாயால் குத்த வேண்டும். அடைப்பு திடீரென விட்டால் மாவு தண்ணீரைப்போல் பாய்ந்து வரும். சிமெண்ட் தொழிலில் மிகக் கொடூரமான தீக்காயங்கள் இந்தக் கதவருகில்தான் ஏற்படுகின்றன. கழிவு எரிபொருள் விகிதத்தைப் பெருமையாகச் சொல்லும் ஆண்டறிக்கைகளில் இந்தக் கதவு வருவதே இல்லை.

இதற்குத் தீர்வு, சூளை நுழைவாயிலிலேயே வாயுவில் ஒரு சிறு பங்கை, பத்து சதவீதம்வரை, உறிஞ்சி உடனே குளிரவைத்து, உப்பைத் தூசியாகப் பிரித்தெடுப்பது. இதைப் பைபாஸ் என்கிறார்கள். ஆஸ்திரியா, ஜெர்மனி போன்ற நாடுகளில் சிமெண்ட் தொழில் தன் எரிபொருள் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கழிவிலிருந்து எடுக்கிறது என்றால், அதன் பின்னால் கடுமையான குப்பைத் தரம்பிரிப்பும் இந்த மாதிரி பைபாஸ் ஏற்பாடுகளும் இருக்கின்றன. பைபாஸ் வைத்தவுடன் சூளை இலகுவாக மூச்சு விடும். கூடவே ஒரு புதுக் கழிவு பிறக்கும். பைபாஸ் தூசி என்பது பொட்டாசியம் குளோரைடு, சுட்ட சுண்ணாம்பு, காரீயம் போன்ற உலோகங்களின் உப்புகள் எல்லாம் கலந்தது. மழை பட்டால் கரைந்து ஓடும். அந்தத் தண்ணீரின் காரத்தன்மை (pH) 12ஐத் தாண்டும்.

இங்கேதான் கேள்வியின் இரண்டாவது பாதி வருகிறது. ஆலையின் சொந்தக் கழிவில் முதலிடம் இந்தத் தூசிக்கே. சாதாரணச் சூளைத் தூசியைத் திரும்ப மாவில் சேர்த்துவிடலாம், நவீன ஆலைகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. காரமும் குளோரினும் செறிந்த தூசியைத் திருப்பினால் மேலே சொன்ன அடைப்பு வரும். சிமெண்ட் அரைவையில் கொஞ்சம் கலக்கலாம், ஆனால் ஐரோப்பியத் தரநிலையில் சிமெண்டின் குளோரைடு வரம்பு 0.1 சதவீதம், கம்பி துருப்பிடிக்கும் என்பதால் அந்தக் கண்டிப்பு. தண்ணீரில் கழுவிப் பொட்டாசியம் உப்பைப் பிரித்து விற்கலாம், மண்ணைக் கெட்டிப்படுத்தப் பயன்படுத்தலாம், அமிலச் சேற்றை நடுநிலைப்படுத்தலாம். எல்லாம் நடக்கிறது, ஆனால் வெளியேறும் அளவுக்கு ஈடாக எல்லா இடத்திலும் நடப்பதில்லை. மிச்சம் குழியில்தான் போகிறது.

அடுத்தது சூளையின் உட்சுவர்ச் செங்கல். வெப்பம் தாங்க மக்னீசியாவோடு குரோமியம் கலந்த செங்கல்லை நெடுங்காலம் அடுக்கினார்கள். சூளையின் காரச் சூழலில் அந்தக் குரோமியம் ஆறிணைதிறன் கொண்ட நச்சு வடிவத்துக்கு மாறும். பிரித்தெடுத்த பழைய செங்கல் அபாயகரக் கழிவாகிவிடும். இப்போது பெரும்பாலான ஆலைகள் குரோமியமில்லாத மக்னீசியா–ஸ்பினல் செங்கல்லுக்கு மாறிவிட்டன. சிமெண்டிலும் சிறிதளவு இந்தக் குரோமியம் உண்டு. கொத்தனார்களின் கையில் வரும் தீராத தோல் அரிப்புக்கு அதுவும் காரணம். 2005 முதல் ஐரோப்பாவில் நீரில் கரையும் அளவு பத்து லட்சத்தில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. அதைக் குறைக்கச் சேர்க்கும் இரும்பு சல்பேட்டில் பெரும்பகுதி, வண்ணப்பூச்சுக்கான வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிப்பில் மிஞ்சுவது. ஒரு கழிவின் தீமையைப் போக்க இன்னொரு கழிவு. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த ஏற்பாடுகளில் ஒன்று.

கிழிந்த பைகள், பழைய எண்ணெய், பெல்ட் துண்டுகள் எல்லாம் சூளைக்கே போய்விடும். தரம் குறைந்த சுண்ணாம்புக்கல்லை நல்ல கல்லோடு கலந்து அடுக்கினால் சுரங்கக் கழிவு குறையும். வீணாகும் வெப்பத்தில் மின்சாரம் எடுத்தால் ஆலையின் மின்தேவையில் கால்பங்குக்கு மேலும் கிடைக்கும். இவை சரியாக நடக்கும் விஷயங்கள். நீட்டி முழக்க ஒன்றுமில்லை.

உண்மையான பெரிய மறுசுழற்சி சூளைக்கு வெளியே, சிமெண்டை அரைக்கும் இடத்தில் நடக்கிறது. இது போதுமான அளவு பேசப்படுவதில்லை, ஏனென்றால் அங்கே நெருப்பில்லை. ஒரு டன் கிளிங்கர் செய்தால் 0.8 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். அதில் ஏறத்தாழ அறுபது சதவீதம் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருவது. எரிபொருள் முழுவதையும் கழிவாக மாற்றினாலும் அந்த அறுபது சதவீதம் அசையாது. அதோடு பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்திலிருந்து வந்ததுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கிளிங்கரையே குறைத்தால் இரண்டு பங்கும் சேர்ந்து குறையும்.

இரும்பு ஊதுலைக் கசடு இதற்கு முதல் உதாரணம். ஒரு டன் வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ 300 கிலோ கசடு வரும். அதை ஆறப்போட்டால் சாலைக்கு இடும் கல். உருகிய நிலையிலேயே தண்ணீரைப் பாய்ச்சி நொடியில் குளிரவைத்தால் கண்ணாடி போன்ற குருணை. அந்தக் குருணையை அரைத்துச் சுண்ணாம்போடு சேர்த்தால் சிமெண்ட் போலவே இறுகும் என்பதை ஜெர்மானியரான எமில் லாங்கன் 1862இல் கண்டறிந்தார். பொருள் ஒன்றே, குளிரவைக்கும் விதம் மட்டும் வேறு; அதிலேயே கழிவுக்கும் சரக்குக்கும் உள்ள வித்தியாசம் தீர்ந்துவிடுகிறது. ஐரோப்பியத் தரநிலையில் 95 சதவீதம்வரை கசடு சேர்ந்த சிமெண்டுக்கே இடமுண்டு.

அனல்மின் நிலையச் சாம்பலின் கதை அணைக்கட்டுகளோடு சேர்ந்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1948 முதல் 1953 வரை கட்டப்பட்ட ஹங்க்ரி ஹார்ஸ் அணையில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் இந்தச் சாம்பலைச் சேர்த்தார்கள். பெரிய கான்கிரீட் திரள் உள்ளுக்குள் சூடேறி விரிசல் விடாமல் இருக்க அது உதவியது. ஆனால் சாம்பல் எல்லாம் ஒன்றல்ல. எரியாத கரி மிஞ்சியிருந்தால், குளிர்ப் பிரதேசக் கான்கிரீட்டில் நுண்காற்றுக் குமிழிக்காகச் சேர்க்கும் மருந்தை அந்தக் கரி உறிஞ்சிவிடும். புகையைச் சுத்திகரிக்க அம்மோனியா பயன்படுத்தும் மின்நிலையத்தின் சாம்பலாக இருந்தால், தண்ணீர் சேர்த்த மறுகணம் கலவையிலிருந்து மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பும். மூடிய அறையில் தளம் போடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த இரண்டிலும் வரப்போகும் சிக்கல், கழிவு தீர்ந்துபோவது! நிலக்கரி மின்நிலையங்கள் மூடப்படும் நாடுகளில் புதிய சாம்பல் குறைந்துவிட்டது. பழைய சாம்பல் குளங்களைத் தோண்டி எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இரும்பு ஆலைகள் மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைக்கு மாறினால் ஊதுலைக் கசடும் குறையும். கிடைக்கும் நல்ல கசடு ஏற்கனவே ஏறத்தாழ முழுவதும் பயன்பாட்டில் இருப்பதால், ஒரு ஆலை கூடுதலாக வாங்கினால் இன்னொரு ஆலைக்குக் குறையும். உலகக் கணக்கில் லாபம் இல்லை. அதனால்தான் சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த சிமெண்ட்மீது எனக்கு நம்பிக்கை. பாதிக் கிளிங்கர், முப்பது சதவீதம் சுட்ட களிமண், பதினைந்து சுண்ணாம்புக்கல், மிச்சம் ஜிப்சம் என்பது அதன் வழக்கமான கலவை. களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும். வேறெதற்கும் உதவாத களிமண் மேட்டையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

"எதையும் விழுங்கும் சூளை" என்ற பெருமைக்கு மறுபக்கமும் உண்டு. சாக்கடைச் சேற்றைச் சூளையில் போட்டால் நாற்றமும் கிருமியும் தொலையும். கூடவே பயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ் கிளிங்கரில் நிரந்தரமாகப் புதைந்துவிடும். அது அளவுக்கு மீறினால் சிமெண்டுக்கு ஆரம்ப வலிமை தரும் சேர்மமும் குறையும். பெரிய நகரச் சுத்திகரிப்பு நிலையங்கள் 2029 முதல் சேற்றிலிருந்து பாஸ்பரஸை மீட்க வேண்டும் என்று ஜெர்மனி 2017இல் விதி கொண்டுவந்தது. என்னைக் கேட்டால் அது சரியான விதி. சூளைக்குப் போவது கடைசிப் பந்தியாக இருக்க வேண்டும். முதல் பந்தியிலேயே உட்காரவைத்தால் நல்லதும் சேர்ந்து எரிந்துபோகும்.

இதற்கு நேர்மாறான புத்திசாலித்தனத்தை ஜப்பானில் பார்க்கலாம். ஒரு டன் சிமெண்டுக்கு 400 கிலோவுக்கு மேல் கழிவும் துணைப்பொருளும் சேர்க்கும் நாடு அது. இச்சிஹாராவில் 2001இலும், தோக்கியோவின் தாமா பகுதியில் 2006இலும் தொடங்கிய ஈகோ சிமெண்ட் ஆலைகளில், மூலப்பொருளில் ஏறத்தாழ பாதி, நகரக் குப்பையை எரித்த சாம்பல். மற்ற ஆலைகள் அஞ்சும் குளோரினை அங்கே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். காரீயம், செம்பு போன்ற உலோகங்கள் குளோரைடாக மாறி ஆவியாக, அதைத் தூசியாகப் பிடித்து உலோகச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்புகிறார்கள். கிளிங்கர் சுத்தமாகிறது, உலோகமும் மீள்கிறது. செலவு கூடும் என்பது உண்மைதான். குழி தோண்ட இடமில்லாத நகரத்துக்கு அது கட்டுபடியாகிறது.

சிமெண்ட் தன் வாழ்நாள் முடிந்து கட்டட இடிபாடாகத் திரும்பி வரும்போது என்ன செய்வது என்பதில் தொழில் நீண்டகாலம் அக்கறை காட்டவில்லை. உடைத்து ஜல்லியாகப் பயன்படுத்துவார்கள். ஒட்டியிருக்கும் பழைய கலவை தண்ணீரை அதிகம் குடிப்பதால் பெரும்பாலும் சாலை அடித்தளத்துக்கே போகும். உடைக்கும்போது உதிரும் நுண்தூளில்தான் பழைய சிமெண்ட் செறிந்திருக்கிறது. அதில் உள்ள சுண்ணாம்பு ஏற்கனவே கரியமில வாயுவை இழந்தது என்பதால், திரும்பச் சூளைக்குப் போனால் அந்த அளவுக்கு வாயு மிச்சம். 2023இல் வந்த ஐரோப்பியத் தரநிலை இந்தத் தூளைச் சிமெண்டில் நேரடியாகச் சேர்க்க வழிவிட்டது. 2024இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு பாதையைக் காட்டினார்கள்: இரும்பை உருக்கும் மின்வில் உலையில் சுண்ணாம்புக்குப் பதிலாகப் பழைய சிமெண்ட் பசையைப் போடுவது. மேலே மிதக்கும் கசடை வேகமாகக் குளிரவைத்தால் அதுவே கிளிங்கர். எஃகு உற்பத்தியின் அளவு இதற்கு ஒரு வரம்பு வைக்கும், ஆனால் யோசனை அழகானது.

கலவை லாரியில் மிஞ்சித் திரும்பி வரும் ஈரக் கான்கிரீட் சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும் தினசரித் தொல்லை. கழுவிப் பிரித்தால் மணலும் ஜல்லியும் மீளும், கழுவிய காரத் தண்ணீரை அடுத்த கலவைக்கே பயன்படுத்தலாம். கழுவக்கூட நேரமில்லை என்றால் சர்க்கரை வகை மருந்தைச் சிறிதளவு சேர்த்து, இறுகுவதை ஒரு நாள்வரை தள்ளிப்போடலாம். அந்தத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விட்டால் மீன்கள் செத்து மிதக்கும்.

சரி, ஒரு ஆலை கழிவுக்கு அனுமதி கேட்கிறது, உங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "எரிக்கலாமா கூடாதா" என்பதோடு நிற்காமல் சில ஆவணங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு கழிவும் எந்த வாசலில் விடப்படும், அங்கே வெப்பம் எவ்வளவு என்ற வரைபடம். சூளை பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும் கழிவு வரத்து தானாக நிற்கும் ஏற்பாடு உண்டா என்பது. ஒவ்வொரு லாரிச் சரக்கின் குளோரின், பாதரச, தாலியப் பரிசோதனைப் பதிவு. அரைவை எந்திரம் நின்ற நேரத்துப் பாதரச அளவீடு. கதிரியக்கக் கழிவு, கல்நார், முழு மின்கலம், மருத்துவமனைத் தொற்றுக் கழிவு, பிரிக்கப்படாத நகரக் குப்பை ஆகியவை சூளைக்கு ஏற்றவையல்ல என்று, அபாயகரக் கழிவுகள் நாடு கடந்து போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் 2011 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆலையின் ஏற்புப் பட்டியலை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியாக, பைபாஸ் தூசி மாதம் எத்தனை டன் வருகிறது, அது எங்கே போகிறது, எடுத்துச் சென்றவரிடம் ரசீது உண்டா என்று கேளுங்கள். மற்ற எல்லாக் கேள்விக்கும் விளக்கப்படம் காட்டுகிறவர்கள் இதற்கு மட்டும் "பிறகு அனுப்புகிறோம்" என்றால், ரசீது கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.